பல்லில் படாத சாப்பாடு

முதலில் அது வலிக்கவே இல்லை. வகுப்பில் கரும்பலகையின் மேல்வரியில் எழுத எக்கி நின்றேன். தொப்புளுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று நழுவி வெளியே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சேலைக்கு மேல் தொட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவில், மெத்தென்று ஒரு புடைப்பு. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன், உள்ளே போய்விட்டது. எழுந்து இருமினேன், திரும்ப வந்தது.

எனக்கு உடனே பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. அவளுக்கும் இப்படித்தான் ஒரு புடைப்பு இருந்தது. பல வருஷம் ஒன்றும் செய்யாமல் கிடந்தது, ஒரு நாள் உள்ளே போக மறுத்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் பெரியம்மாவைக் கல்லறைக்கு எடுத்துப் போனோம்.

இதை எழுதுவது, “உடம்பைக் குறைத்துக்கொண்டு வா” என்று டாக்டர் சொல்லி அனுப்பி, ஆரம்பித்த மாதமே தோற்றுப்போய் உட்கார்ந்திருப்பவர்களுக்காக. புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன். அதில் பாதி வயிற்றெரிச்சல். அதையும் சேர்த்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது.

உலக யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்த எடை மெஷினில் என்னை ஏற்றி, நர்சம்மா எடையை உரக்கப் படித்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு ராத்தல் (பவுண்டு). பெஞ்சில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. ரேஷன் அரிசியில் ஊரே எலும்பும் தோலுமாக இருந்த காலம். எங்கள் தெருவில் என் உடம்பைப் பார்த்து, “டீச்சர் வீட்டுல கறுப்புச் சந்தை அரிசி ஓடுது” என்று பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் ஓடவில்லை. மூன்று பிள்ளைப்பேறும் எங்கள் கொல்லையில் இருந்த இரண்டு தென்னை மரங்களும்தான் காரணம்.

டாக்டரம்மா மயிலாப்பூர்க்காரர், மாடவீதிக் குடும்பம். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“இது குடலிறக்கம், டீச்சர். வயத்துச் சதை விலகி, அந்த வழியா குடல் தோலுக்கு அடியில வந்து நிக்கறது. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். ஆனா இந்த உடம்போட பண்ண மாட்டேன். மயக்கத்துக்கு ஈதர் குடுத்தா மூச்சு தாங்காது, தையலும் நிக்காது. முப்பது ராத்தல் குறைச்சுண்டு வாங்கோ.”

“குறையலைன்னா, டாக்டர்?”

“எப்ப வேணா குடல் மாட்டிக்கும். அப்போ ராத்திரி பகல்னு பாக்காம அறுக்கணும். பொழைக்கறது அப்பறம் பகவான் கையில.”

எண்ணெயைக் குறை, இனிப்பைக் குறை, தேங்காயைக் குறை, சாதம் ஒரு கரண்டி, கீரையும் காயும் நிறைய, தினமும் நடை, கனம் தூக்காதே. சொல்லிக்கொண்டே போனார். வெளியே ஒரு அகலப் பட்டி கொடுத்து வயிற்றில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு முப்பது ராத்தல் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

அடுத்த வாரம் விபூதிப் புதன். தபசு காலம் (பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின நோன்பு) ஆரம்பம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நாற்பது நாளும் ஒருசந்தி இருந்துவிட்டால் (நாளுக்கு ஒரே ஒரு முழுச் சாப்பாடு) ஆத்துமமும் சுத்தமாகும், உடம்பும் வற்றும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பங்குச் சாமியார், “நோயாளிக்கு விலக்கு உண்டம்மா” என்றுதான் சொன்னார். நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீ தனியா இருக்க வேணாம் ஞானம். நானும் உன்னோட இருக்கேன்” என்றார்.

அவருக்கு எந்த நோயும் கிடையாது. துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா. லஸ் முனை வரைக்கும் நடந்துபோய் டிராம் பிடிப்பார். சின்னதாக ஒரு தொந்தி, குமாஸ்தாக்களுக்கு இருக்கிற அளவு. எனக்குத் துணையாக விரதம் இருக்கிறேன் என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கலக்கம் பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரி எடை மாதத்துக்கு ஒரு முறைதான். அதுவரைக்கும் எனக்குப் பொறுமை ஏது? எங்கள் தெருக்கோடியில் முனுசாமியின் விறகுத் தொட்டி (விறகுக் கடை) இருந்தது. உத்தரத்திலிருந்து சங்கிலியில் தராசின் இரண்டு பெரிய பலகைத் தட்டுகள் தொங்கும். ஒரு சாயங்காலம் கூட்டமில்லாத நேரம் பார்த்து இருவரும் போனோம். விஷயத்தைச் சொன்னதும் முனுசாமி ஒரு தட்டில் என்னை உட்காரச் சொன்னார்.

“இம்மாங் கல்லு எங்கைல கீதோ இல்லியோ தெர்லம்மா. அய்யா, நீ சும்மா அந்தாண்ட தட்டுல ஒக்காரு, பாப்போம்.”

அவர் உட்கார்ந்தார். என் தட்டு ‘டொம்’ என்று தரையில் இடித்தது. அவர் மேலே போய், செருப்புக் கால்கள் இரண்டும் அந்தரத்தில் ஆட, குழந்தை மாதிரி சிரித்தார். விறகு வாங்க வந்த ஒருத்தியும் சிரித்தாள். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூமியில் ஒட்டாத கால். எனக்கு அந்த நிமிஷத்தில் பிடித்தது பொறாமை. கட்டின புருஷன் மேல் பொறாமைப்பட முடியுமா என்று கேட்டால், மற்றவர்கள் மேல் படுவதைவிடச் சுலபமாகப் படலாம், கூடவே இருக்கிறாரே.

முனுசாமி அவரை இறக்கிவிட்டு, அந்தத் தட்டில் சவுக்குக் கட்டைகளை அடுக்கி என் எடைக்குச் சமமாக்கினார். அந்தக் கட்டைகளைக் கயிற்றால் கட்டி ஒரு மூலையில் தனியாக வைத்தார். “இது டீச்சரம்மா கட்டு. யாருக்கும் விக்க மாட்டேன். நீ எளைச்சா இந்தக் கட்டு எறங்கும், தெர்ஞ்சிக்கலாம்” என்றார். கெட்டிக்கார ஏற்பாடாகத்தான் எனக்கும் தோன்றியது.

எங்கள் வீட்டில் ஒருசந்திக்கு ஒரு சட்டம் உண்டு. என் அம்மா வீட்டிலிருந்து வந்தது. பல்லில் படாதது சாப்பாடு ஆகாது. குடிப்பதெல்லாம் விரதத்தில் சேராது. அதனால் காலையில் பால் விட்ட காப்பி. பள்ளிக்கூடத்தில் பதினோரு மணி மணியடித்ததும், தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோன கேழ்வரகுக் கஞ்சி. அதில் கெட்டியான தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டிருக்கும். மத்தியானம் அந்த ஒரு முழுச் சாப்பாடு. மறுநாள் வரை வேறு சாப்பாடு இல்லை என்ற நினைப்பில் அதை முழுச் சாப்பாடாகவே சாப்பிட்டேன். சாயங்காலம் திரும்பவும் கஞ்சி. படுக்கும் முன் பால். பொரியலில் தேங்காய் போடுவதை நிறுத்திவிட்டேன், டாக்டரம்மா குறைக்கச் சொன்னாரே என்று. தேங்காய்ப்பால் அந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது வாரத்தில் என் வீட்டுக்காரருக்குச் சட்டை தொளதொளத்தது. கால்சட்டையை டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டார். தொந்தி போன இடம் தெரியவில்லை. முகம் நீண்டு, கல்யாண போட்டோவில் இருக்கிற மாதிரி ஆகிவிட்டார். நானோ ரவிக்கையின் தையலைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்து வெளியே வரும்போது கோயில் உபதேசியார் அவரை நிறுத்தினார். “என்ன சார், தபசு காலம் உங்களுக்கு நல்லாப் பலிச்சிருக்கு. முகமே அருளா இருக்குது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் அன்பாக, “டீச்சரம்மா, நீங்களும் சாரைப் பார்த்து ஒருசந்தி இருக்கலாமே” என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று பேசாமல் வந்துவிட்டேன். அன்று ராத்திரி முழுக்க அவர் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. தேவைப்பட்டவளுக்கு ஏறுகிறது, தேவையில்லாதவருக்கு இறங்குகிறது. கர்த்தர் கண்ணைத் திறந்துகொண்டுதான் இதைச் செய்கிறாரா? குறட்டை விட்டுத் தூங்குகிற மனுஷனின் ஒட்டிய வயிற்றைப் பார்த்துக்கொண்டு இப்படியெல்லாம் கேட்டேன்.

விறகுத் தொட்டியில் இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் என் தட்டு இன்னும் வேகமாகக் கீழே போனது. சமமாக்க முனுசாமி கட்டுக்கு மேல் புதுக் கட்டையாகப் போட்டுக்கொண்டே இருந்தார்.

“இன்னாம்மா இது, எளைக்கறேன்னு சொல்லிக்கினு ஏறிக்கினே போறியே” என்று அவரே கவலைப்பட்டார்.

பெரியம்மாவின் முகம் அடிக்கடி வந்தது. பிள்ளைகள் மூவரும் தூங்குவதை விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை பட்டினி கிடந்தும் ஏறுகிறதென்றால் இந்த உடம்பு என்னைக் கொல்லத்தான் முடிவு செய்திருக்கிறது என்று நம்பினேன். இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டிருப்பேன். ஆனால் என் பொறாமை விடவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரையும் இழுத்துக்கொண்டு போனேன், சாட்சிப் பொருளாக.

“இவரைப் பாருங்க டாக்டர். ரெண்டு பேரும் ஒரே விரதம், ஒரே அடுப்பு. இவர் பாதியா ஆயிட்டார். எனக்கு மட்டும் என்ன கோளாறு?”

டாக்டரம்மா இருவரையும் மெஷினில் ஏற்றினார். எனக்கு ஐந்து ராத்தல் கூடியிருந்தது. நான் விறகுத் தொட்டிக் கணக்கில் பதினைந்துக்கு மேல் ஏறிவிட்டதென்று பயந்துகொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

“பச்சைச் சவுக்கா? டீச்சர், கட்டை வெயில்ல காய்ஞ்சுண்டே வருமே! நீங்க ஏறினதைவிட அது இறங்கினதுதான் ஜாஸ்தி.”

இதற்கு நான் வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். காலையிலிருந்து என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல டாக்டர். ஒருசந்தி.”

“ஒண்ணுமேவா? தொண்டையில எதுவும் இறங்கறதில்லையா?”

“காப்பி, கஞ்சி, பால். அதெல்லாம் குடிக்கிறதுதானே. விரதத்தை முறிக்காது.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“எங்காத்துலயும் ஏகாதசிக்கு உபவாசம்தான். அரிசி மட்டும் கூடாது. அதனால மாமியார் உப்புமா கிளறுவா, சேமியா பாயசம் வைப்பா. உபவாசத்தன்னிக்குத்தான் எல்லாருக்கும் வயிறு புடைச்சுண்டு நிக்கும். ஸ்வாமி ஒத்துக்கலாம், டீச்சர். உடம்பு ஒத்துக்காது.” பிறகு என் கணவரைப் பார்த்தார். “சரி, நீங்களும் இதேதானே குடிக்கறேள்? உங்களுக்கு ஏன் ஏறலை?”

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். “ஞானத்துக்கு அப்பப்போ கிறுகிறுப்பு வருது டாக்டர். அதான் என் தம்ளரையும் அவளுக்கே...”

“காப்பியா?”

“காப்பி, கஞ்சி, பால். என் சர்க்கரைப் பங்கையும் அதுலயே போட்டுடுவேன். எனக்கு அது இல்லாம இருக்க முடியுது.”

“அப்போ ரெண்டு பேர் கஞ்சியும் ஒருத்தர் வயித்துல!”

எனக்கு இது தெரியாதா? தெரியும். தினமும் “எனக்கு வேணாம், நீ குடி” என்று அவர் நகர்த்தின தம்ளரை என் கையாலேயே வாங்கிக் குடித்தேன். அது சாப்பாடு இல்லை என்று எனக்கிருந்த சட்டத்தில், யாருடைய தம்ளர் என்பதும் மனதில் படவில்லை. அவர் இளைப்பதைப் பார்த்துக் குமுறினேனே, அவர் உடம்பிலிருந்து இறங்கினதெல்லாம் என் உடம்பில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் அவரோடு சண்டை போட்டேன். “என்னைக் கொழுக்க வச்சு நீங்க மெலிஞ்சு, ஊரெல்லாம் பேர் வாங்கிட்டீங்க!”

“நீ மயங்கி விழுந்துட்டா பிள்ளைங்க பயந்துடும்னுதான் ஞானம்...”

“எனக்கு என்ன ஆனாலும் உங்க முகம் அருளா இருக்கும்!”

குளக்கரை தாண்டும்போது பார்த்தேன், அவர் கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் அதை அழகு என்று பார்த்து எரிந்தேன். அது பசி. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் சண்டையை நிறுத்தவில்லை, வீடு வரைக்கும் போட்டேன்.

அன்றிலிருந்து என் வீட்டில் புதுச் சட்டம். அவர் தம்ளரை அவரே குடிக்க வேண்டும், காலையில் ஒரு தம்ளர் கஞ்சியும் சேர்த்து, என் கண் முன்னால். எனக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தபடி மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. ஒருசந்தியை விட்டதற்குப் பதிலாகச் செபமாலை கூட இரண்டு சொல்லச் சொன்னார் பங்குச் சாமியார். பதினோரு மணிக்கு நீர்மோர், வெல்லமில்லை, தேங்காய்ப்பாலில்லை.

முதல் வாரம் நரகம். பதினோரு மணி அடித்தால் தலை விண்விண்ணென்று தெறிக்கும். வகுப்பில் எரிந்து விழுந்தேன். காலையில் அவர் கஞ்சி குடிக்கும்போது, கடைசி மடக்கில் தம்ளரைச் சாய்த்து அடியில் தங்கின வெல்லத்தை நாக்கில் விட்டுக்கொள்வார். அதைக் காவல் காத்துக்கொண்டு நிற்பவள் நான். முதலில் அவர் இளைப்பதைப் பார்த்துப் பொறாமை, இப்போது அவர் குடிப்பதைப் பார்த்துப் பொறாமை.

எட்டு ராத்தல் இறங்கின தெம்பில் பாஸ்குத் திருநாள் வந்தது. கோழிக் குழம்பு, ஆட்டுக்கறி, நாத்தனார் வீட்டுக் கேக். ஒரு நாள்தானே என்று உட்கார்ந்தேன். ஒரு வாய் என்பது எழுந்திருக்கும் வரைக்கும் நீண்டது. சாயங்காலம் வாந்தி. வாந்தியோடு புடைப்பு வெளியே வந்து கல்லாக நின்றுவிட்டது. படுத்தும் போகவில்லை. தொட்டால் உயிர் போகிற வலி. பெரியம்மாவுக்கும் கடைசியில் இப்படித்தான் நின்றது.

அவர் ஜட்காவுக்கு ஆள் அனுப்பினார். அது வரும் வரைக்கும் டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தபடி காலை மடக்கி, இடுப்பின் கீழ் தலையணை வைத்து, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு கிடந்தேன். அவர் என் பாதங்களைப் பிடித்துக்கொண்டு ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொன்னார். வண்டி வாசலில் நின்ற சத்தம் கேட்டபோது உள்ளே ஏதோ ‘களுக்’ என்று நழுவியது. புடைப்பு அடங்கிவிட்டது. இருந்தாலும் அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னொரு தடவை இப்படி ஆனா நேரா இங்க வந்துடணும், உள்ளே போயிடுத்தேன்னு ஆத்துல இருந்துடப்படாது. எடை ஏறிடுத்தேன்னு நாளைக்குப் பட்டினி கிடக்காதேங்கோ. கார்த்தால எழுந்து, எழுதிக் குடுத்ததைச் சாப்பிடுங்கோ. அவ்வளவுதான்” என்றார். எனக்குக் கிடைத்த மருந்துகளில் இந்த ‘அவ்வளவுதான்’ பெரிய மருந்து. தோற்றவர்கள் மறுநாளே தங்களைத் தண்டித்துக்கொண்டு, அந்தத் தண்டனை தாங்காமல் மூன்றாம் நாள் மறுபடி தோற்கிறார்கள். நான் அதுவரை அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்லச் சுவாரசியமாக எதுவும் இல்லை. கீரை, மோர், கடற்கரை ஓரமாக நடை. சில மாதம் ஏழெட்டு இறங்கியது, ஒரு மாதம் அசையவே இல்லை. அந்த மாதம் தெருவில் போகும் ஒல்லியான பெண்களையெல்லாம் மனதுக்குள் சபித்தேன். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குப்பத்திலிருந்து ஓட்டமாக வருகிற பெண்ணின் இடுப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. சபித்துக்கொண்டே நடந்தேன். நடை நடைதானே.

முப்பது ராத்தலும் இறங்கி, செப்டம்பரில் மாதா திருநாள் கழிந்து ஆபரேஷன். முகத்தில் வலைத்துணியை வைத்து ஈதரைச் சொட்டினார்கள். எண்ணச் சொன்னார்கள். எங்கே விட்டேன் என்று தெரியாது. கண் விழித்தபோது வாயெல்லாம் வறட்சி, வயிற்றில் நெருப்பு. பக்கத்து ஸ்டூலில் அவர் உட்கார்ந்து ஈரப் பஞ்சால் என் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

“காலையில கஞ்சி குடிச்சீங்களா?” என்று கேட்டேன். அதுதான் என் முதல் பேச்சு என்று அவர் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

அவர் குடிக்கவில்லை. முந்தின ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடாமல் எனக்காக விரதம் இருந்திருக்கிறார். சிரித்தாலும் இருமினாலும் தையல் பிரியும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் கண்ணால் மட்டும் திட்டினேன்.

கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு விறகு வாங்க இருவரும் தொட்டிக்குப் போனோம். ‘டீச்சரம்மா கட்டு’ எப்போதோ யாருடைய அடுப்பிலோ எரிந்துபோயிருந்தது. முனுசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அடேங்கப்பா! ஒக்காரும்மா, ஒக்காரு. அய்யா, நீ அந்தாண்ட வா.”

தையல் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தாலும் பயந்துபயந்துதான் உட்கார்ந்தேன். அவர் எதிர்த் தட்டில் உட்கார்ந்தார். ஒன்பது மாதம் தன் தம்ளரைத் தானே குடித்த மனுஷன். தொந்தி பழையபடி வந்திருந்தது. தட்டு ஆடியது, தயங்கியது. பிறகு என் கால்கள் தரையை விட்டு எழும்பின.

அது ஆகி மூன்று வருஷம் ஆகிறது. மழை வரும் முன் தழும்பு அரிக்கும். பதினோரு மணி அடித்தால் நாக்கு இன்னும் கஞ்சியைத் தேடும். கால்மணி நேரம் பொறுத்தால் போய்விடும். முதல் வருஷம் அந்தக் கால்மணி நேரம் ஒரு பகலாக இருந்தது, இப்போது ஒரு பாடத்தின் இரண்டு பக்கம். கண்ணாடியில் தெரிகிற பெண்ணை இன்னும் முழுசாக நம்பவில்லை. யாரோ இரவல் கொடுத்த சேலை மாதிரி பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்று தராசில் நான் மேலே இருந்தபோது கீழே அவர் முகத்தைப் பார்த்தேன். அதே இடத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் தலையை அண்ணாந்து, அந்தரத்தில் ஆடும் என் கால்களைப் பார்த்து, கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். துளி வயிற்றெரிச்சல் இல்லை அந்த முகத்தில். சும்மா சந்தோஷம்.

அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை இன்னும் தீரவில்லை.